சாயக்காரர் போட்ட சீனத்து டீ

பாசிப்பயறு வறுபடும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ‘ஆறட்டும்’ அண்ணன் நினைவுக்கு வந்துவிடுகிறார். தொட்டிக்குள் விரல் விட்டுச் சூடு பார்க்கும் பட்டுச் சாயக்காரர்கள் காஞ்சிபுரத்தில் பலர் உண்டு. அதே விரலை அடுத்தவர் டீக்குள்ளும் விட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஒரு காய்ச்சல் அவர் மூக்கைக் கொண்டுபோயிருந்தது. மல்லி, கற்பூரம் எதுவும் ஏறவில்லை. மீன்குழம்பும் மோரும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. அப்போதுதான் பட்டுநூல் வியாபாரி ஒருவர் சீனாவிலிருந்து ஒரு டப்பா பச்சைத் தேயிலை கொண்டுவந்து, “ரொம்ப மெல்லிசான வாசனை” என்று கொடுத்தார்.

“இத்த புடிச்சிட்டேன்னா மூக்கு வந்துடுச்சுபா” என்றார் அண்ணன்.

முதல் நாள், பழக்கதோஷத்தில், பட்டுக்குச் சாயம் ஏற்றுவதுபோலக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, இலையை நூல்கழி மாதிரி முறுக்கிப் பிழிந்துவிட்டார். குடித்தவர்களுக்கு இரண்டு நாள் வேப்பங்காய் இனித்தது.

வியாபாரி தலையில் அடித்துக்கொண்டு, வெந்நீரை ஆறவைத்து ஊற்றச் சொன்னார். அன்றிலிருந்து யார் கிளாஸை நீட்டினாலும் அண்ணன் “ஆறட்டும்” என்பார். ஆறியதா என்று விரல்தான் சொல்ல வேண்டும். பிறகு ஊற்றுவார். இலைகள் நிமிர்ந்து நின்று, தயங்கி, ஒவ்வொன்றாக இறங்கும். விடியலுக்கு ஒரு நிறம் முன்னால் இருக்கும் பச்சை.

பக்கத்து வீட்டில் தறி நெய்யும் கோவிந்தன் கிளாஸைத் தூக்கிப் பார்த்தான்.

“இன்னாண்ணா, சாயமே ஏறலியே. இன்னொரு தபா முக்கு.”

“கலர யார்ரா கேட்டா? வாசன சொல்லு.”

“வெந்நி வாசன.”

“ஒழுங்கா மோந்து சொல்றா.”

“பயறு வறுத்தா மாதிரி இருக்குது. பக்கத்துலயே ஒரு மாடு பில்லு துன்னுக்கினு நிக்குது.”

அண்ணன் கண்ணை மூடி உறிஞ்சுவார். தன் மூக்கு எங்களிடம் மாட்டிக்கொண்டதுபோல எங்கள் முகங்களைப் பார்ப்பார். “ஒண்ணும் இல்லபா” என்று கிளாஸ் கழுவப் போய்விடுவார்.

டப்பா தீர்ந்த அன்றுதான் வேலை மாற்றலில் நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். கடைசி இலைகளை இருவரும் பகிர்ந்துகொண்டோம். எனக்குப் பயறு, அவருக்கு வெந்நீர்.

“போவட்டும். கண்ணு இருக்குதுல்ல, சாயம் போட அது போதும்” என்றார்.

பையைத் தூக்கக் குனிந்தேன். வெகுநாளாகப் பெட்டியில் கிடந்த சட்டையைப் போட்டிருந்தேன். அவர் முகம் சுளித்தது.

“இன்னாபா, சட்டையெல்லாம் அந்துருண்ட நாத்தம்.”

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் நகர, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“செத்த நில்லுபா. இன்னொரு தபா மோந்துக்கிறேன்.”