ஜன்னலோரக் கனைப்பு

கறுப்புக் கோட்டின் காலரை இடது கை இழுத்துப் பிடித்திருக்க, வலது கை ஊசியைக் குத்திக் குத்தி எடுக்கிறது. யாரோ நடந்து வரும் சத்தம். கைகள் நிற்கவில்லை, தொண்டை மட்டும் வேலையைத் தொடங்குகிறது.

"ம்ஹ்ம்... ம்ஹ்ம்... க்ஹா!"

இவர்தான் கனைப்பாளர். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். ஜன்னலோர நாற்காலியையோ, விசிறிக்கு நேர் கீழே உள்ள மேஜையையோ, எதுவும் கிடைக்காவிட்டால் சட்டை மாட்டும் ஆணியையாவது பிடித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் யார் வந்தாலும் தொண்டையாலேயே வேலி போடுகிறவர். "இது என் இடம்" என்று வாய் திறந்து சொல்லவே மாட்டார். அவ்வளவு நாகரிகம் தெரியாதவரா அவர்?

நான் சொல்பவர் ஒரு தையல் கடையில் கோட்டு தைக்கிறார். கடைக்கு ஒரே ஜன்னல், அது அவருடையது. எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவர் அவருடைய மச்சான். சீழ்க்கை ஆசாமி. காலையில் இவர் கனைப்பார், அவர் சீழ்க்கையடிப்பார். நடுவிலிருக்கும் வெட்டுமேஜை எல்லை. அதன்பிறகு நாள் முழுக்க நிம்மதி.

பாடும் குருவிகளும் இப்படித்தான். பக்கத்து மரத்துக் குருவி தன் பக்கமிருந்தே பாடினால், பழகின குரல்தானே என்று இந்த மரத்துக் குருவி விட்டுவிடும். அதே குரல் எல்லை மாறிக் கேட்டால்? சிறகு சிலிர்த்துவிடும்.

அன்று மாலை அந்தக் கறுப்புக் கோட்டின் காலரை முடித்துவிட்டுக் கோட்டுக்காரர் கை கழுவப் போனார். சீழ்க்கை கேட்டது. ஜன்னலிலிருந்து!

கழுத்தில் டேப் பறக்க ஓடி வந்தார்.

"யோவ் மச்சான், எந்திரிய்யா!"

"கத்தாதய்யா. கறுப்புத் துணி, கறுப்பு நூலு. விளக்கு வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. கோட்டு வாங்க மாப்பிள்ளை வாசல்ல நிக்கிறாரு, விடிஞ்சா அவருக்குக் கல்யாணம். காஜா போடவா, வேணாமா?"

எழுப்பினால் கோட்டு முடியாது. எழுப்பாவிட்டால் ஜன்னல் போச்சு. கோட்டுக்காரர் கனைத்துப் பார்த்தார். மச்சான் அசையவில்லை.

"சரி, போட்டுத் தொலை. விசில் அடிக்காம போடு."

"விசில் இல்லாம எனக்குக் கை ஓடாதுய்யா."

வேறு வழியில்லாமல் நாற்காலிக்குப் பின்னாலேயே காவல் நின்றார். ஒவ்வொரு துளைக்கும் அவர் ஒரு சீழ்க்கை, இவர் ஒரு கனைப்பு. கோட்டை வெளிச்சத்தில் பார்க்கலாமென்று முதலாளி எட்டிப்பார்த்தார். கனைப்பும் சீழ்க்கையும் ஒன்றாகக் கிளம்பின. முதலாளி இரண்டடி பின்வாங்கினார்.

"ஏம்ப்பா, இது என் கடைதானே?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சற்று முன் உங்கள் நாற்காலிப் பக்கம் யாரோ வந்தார்களே, அப்போது உங்கள் தொண்டையில் கேட்டது என்ன சத்தம்?

அது கிடக்கட்டும். கடைசிக் காஜாவும் முடிந்தது. மச்சான் எழுந்த சூட்டோடு கோட்டுக்காரர் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். பொத்தான்களைப் போட்டுப் பார்த்தார், கோட்டை உதறி மடித்தார். வாங்கிக்கொள்ள ஆவலோடு மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் ஓரடி வைத்தார்.

"ம்ஹ்ம்! நீங்க அங்கயே நில்லுங்க தம்பி, நானே கொண்டு வர்றேன்" என்று வெட்டுமேஜை வரை வந்து, அதன் மேலாகக் கையை நீட்டிக் கோட்டைக் கொடுத்தார்.