சட்டையில் தைத்த சிலுவை

பிளேஸ்டோ, லண்டன்
2006 வைகாசி

கனடாவிலிருக்கும் மச்சாள் சிவனேஸ்வரி அவர்களுக்கு, தம்பி பெண்சாதி குணசுந்தரி எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்க முருகனைக் கேட்டபடியே எழுதுகிறேன், பழைய கோபம் ஒருபக்கம் இருக்கட்டும்.

என் மகன் யோகராஜா தன் கிரிக்கெட் அணிக்கு ‘குருசேடர்ஸ்’ என்று பேர் வைத்து, வெள்ளைச் சட்டைகளைக் கொண்டுவந்து போட்டு, நெஞ்சில் சிவப்புச் சிலுவை தைத்துத் தரச் சொன்னான், நானும் முதுகு விறைக்க இருந்து தைத்தேன், அதைப் பார்த்த அணிப் பிள்ளை ஜப்பார் தன் சட்டையைக் கதிரையில் போட்டுவிட்டுப் போனவன்தான், பிறகு வீட்டுப் பக்கமே இல்லை. அவன் மலேசியாக்காரப் பிள்ளை. வெள்ளிக்கிழமையில் பள்ளிவாசலுக்குப் போகும்போது என்னை மனோர் பார்க் முருகனிடம் இறக்கிவிடுகிறவன். அந்த வெள்ளி நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன்.

“அதென்னடா பேர்?” என்று மகனைக் கேட்டேன்.

“நல்ல காரியத்துக்குப் பாடுபடுறது அம்மா. கவுன்சில் குப்பைக்கு எதிராய் வெளிக்கிட்டாலும் பேப்பரிலை குருசேட் எண்டுதான் போடுவினம்.”

ஜப்பாருக்குப் போன் எடுத்தேன். “ஆன்ட்டி, அந்தக் காலத்துல பாப்பரசர் சொல்லி ஜெருசலேமைப் பிடிக்கப் போனவங்க, நேர்ந்துக்கிட்டு உடுப்புல சிலுவை தைச்சாங்க. சிலுவையிலிருந்துதான் அந்தப் பேரே வந்துச்சு. போய் எங்காளுங்களை வெட்டினாங்க.”

எனக்கு விளங்கிவிட்டது மச்சாள். சூரன்போருக்கு நாங்கள் காப்புக் கட்டுவது போலத்தான் அது. நான் ஒருத்தரையும் கேளாமல் அத்தனை பிள்ளைகளுக்கும் காப்புக் கட்டிவிட்டேன்.

மகன் சிரித்தான். “தொளாயிரம் வருசமாச்சு. இன்னுமே கோவம்?”

“உன்ரை கனடா மாமி என்ரை கலியாணப் பந்தியிலை எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனவ. நான் மறந்தனானோ?”

அவன் பேரை மாற்றச் சம்மதித்தான். சிலுவை எல்லாவற்றையும் பிரித்தெடுத்தேன். போன வெள்ளி ஜப்பார் வாசலில் ஹோர்ன் அடித்தான். பட்ட காயத்தை மறக்காதவன் மனுசன் என்று அவனிடமே சொன்னேன்.

உங்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முருகன் குறைவைக்க மாட்டான்.

இப்படிக்கு,
குணசுந்தரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டமுன் மகன் வந்தான். அணிக்குப் புதுப்பேர் ‘சோழாஸ்’. சுழல்பந்து போடுகிற கொழும்புச் சிங்களப் பெடியன் நிமால் விலகிவிட்டானாம், சோழர் வந்து தங்கள் பழைய தலைநகர் அநுராதபுரத்தை அழித்தவையாம். அது நடந்து ஆயிரம் வருசம் மச்சாள். இதையெல்லாம் இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிற சனத்தோடு மனுசர் எப்படிச் சீவிக்கிறது?