முத்திரை குத்தும் தூக்கம்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருப்பதால் அந்த வரியை நிறுத்தி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அங்கே வந்துவிடுவாளாம். நீங்கள்தான் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும்.

என் மேல் குற்றம் இதுதான். தபால் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் முத்திரை குத்திய என் கை, ஓய்வு பெற்ற பிறகும் தூக்கத்தில் குத்துகிறதாம். அதுவும் அவள் தோளில். முதலில் மையில் ஒன்று, அப்புறம் தபாலில் ஒன்று என்று முறைப்படி இரண்டிரண்டாகக் குத்து விழுகிறதாம். எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. "கெட்ட கனவா இருக்கும், விடு" என்றேன். "கனவு உங்களுக்கு, அடி எனக்கா?" என்று தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டாள்.

டாக்டரிடம் போனேன். "பயந்து முழிச்சு, கண்டது ஞாபகம் இருந்தா அது சாதாரணக் கெட்ட கனவு சார். தூக்கத்துலயே கை கால் வேலை செஞ்சா கோளாறா இருக்கலாம், வைத்தியம் உண்டு. பக்கத்துல படுக்கிறவங்களை ரெண்டு வாரம் குறிப்பு எழுதச் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் படுக்கிறவர்தான் ஹாலில் இருக்கிறாரே! பதிவேடு காலியாகக் கிடந்தால் என் உடம்பு தாங்குமா? நானே மணிக்கொரு தரம் அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிறேனா என்று சோதித்து, எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பதினான்கு நாளும் ஒரே பதிவு: "விழித்திருக்கிறார்." டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். உங்கள் அக்காவிடமும் காட்டினேன். அன்றைக்குத்தான் பரணிலிருந்து பெட்டி இறங்கியது.

சிரிக்காதீர்கள். அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நன்றாகத் தூங்கி எழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனால், உங்கள் அக்கா சோபாவில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறாள். "கெட்ட கனவுங்க. உங்க பக்கத்துல படுத்திருக்கேன், உங்க கை அசையவே இல்ல. எழுப்பறேன், எழுப்பறேன், நீங்க எழுந்திருக்கல" என்று அழுதாள். எல்லாம் ஞாபகம் இருப்பதால் டாக்டர் சொன்னபடி இது சாதாரணக் கனவுதான். இருந்தாலும் தலையணையோடு அறைக்கு வந்துவிட்டாள். குறிப்பும் இனி அவள் பொறுப்பு. விடிந்து பார்த்தேன், முதல் பதிவு: "மூணு மணி. குத்துறார். நல்லா இருக்கார்."

ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்கிறேன். இங்கு அனைவரும் நலம்.