லைட்டுப் போடுமுன் ஒப்பித்த பாடம்

எனக்கு ஏபிசிடி தெரியும். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் தெரியும். நடுவில் ஓர் எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், மனத்துக்குள் ஏ-யில் பஸ் ஏறி, ஒவ்வொரு ஸ்டாப்பாக வந்து அந்த எழுத்தில் இறங்க வேண்டும். (தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பிறகு எனக்குப் பாடம் சொன்னதெல்லாம் ரப்பர் மரங்கள்தான்.) இதை ஒரே ஓர் ஆளைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. கண் டாக்டரைப் பார்க்கப் போன அன்று ஒரு ஹால் நிறைய ஆட்களுக்குத் தெரிந்துபோனது.

இரண்டு கண்ணிலும் புரை. உலகமே பாலில் ஊறின மாதிரி இருந்தது. கோயில் ஃபாதர் வீட்டுக்கு வந்தபோது தேத்தண்ணியில் சீனி என்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டேன். பாவம், கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நல்லாயிருந்துச்சும்மா" என்றார். அதற்குப் பிறகுதான் என் மகள் ஸ்டெல்லா மலாக்காவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி நாள் வாங்கினாள்.

பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்காவுக்குப் போன மாதம்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. யோசனை கேட்கப் போனேன்.

"அங்க ஒரு போர்டு வச்சிருப்பாங்க மேரி. எல்லாம் ஏபிசி. அத சரியா படிச்சாத்தான் உள்ள டாக்டர்கிட்ட விடுவாங்க."

"படிக்கலன்னா?"

"எனக்கென்ன தெரியும்? நான்தான் படிச்சிட்டேன்ல!"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. படிக்காவிட்டால் டாக்டர் இல்லை. டாக்டர் இல்லாவிட்டால் கண் இல்லை. அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதுவிட்டேன். அவர் மகள் அந்தப் போர்டைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாளாம். அதைப் பார்த்து ஐந்து வரியையும் தமிழில் பெரிது பெரிதாக எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் படித்தேன். மீன் கழுவும்போது முதல் வரி, துணி காயப் போடும்போது இரண்டாம் வரி. பாடம் கேட்க வேறு ஆளில்லாததால் தாளை எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். நான் ஒப்பிக்க ஒப்பிக்க, அவர் தலையை ஆட்டி, "சரி, சரி, எல்லாம் சரி" என்பார். (அவருக்குக் காது கேட்காது. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஆள் தேறும்.)

போகிற நாளில் கிறிஸ்மஸுக்கு எடுத்த சேலையைக் கட்டி, முகத்துக்குப் பவுடர் அப்பிக்கொண்டு காரில் ஏறினேன். கிளேபாங் தாண்டும்போது ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா வாய்க்குள்ளயே முணுமுணுக்கிற?"

"செபம்" என்றேன். கர்த்தர் மன்னிப்பாராக.

ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். அவ்வளவு குளிர், அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு சனம். எல்லாரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால், தீர்ப்பு நாள் இப்படித்தான் இருக்கும் போல என்று தோன்றியது. அப்போது நர்ஸ் உடுப்பில் ஒரு சின்னப் பெண், தமிழ் மிஸ்ஸி, என் பெயரைக் கூப்பிட்டாள்.

"மேரி ஆன்ட்டி, இங்க உட்காருங்க."

பெயரைக் கூப்பிட்டால் நாங்கள் உட்கார்ந்து பழகியவர்கள் இல்லையே. எங்கள் வாத்தியார் பெயர் சொன்னால் எழுந்து, கை கட்டி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். நடுவில் நின்றால் ரோத்தான் பிரம்பு விழும். அறுபது வருஷத்துக்கு முந்தின அந்தப் பழக்கம் என் காலில் அப்படியே இருந்திருக்கிறது. நிமிர்ந்து நின்றேன். கை கட்டினேன். கண்ணை மூடினேன். ஐந்து வரியையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன்.

சத்தமே இல்லை. பாஸாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி" என்றாள் மிஸ்ஸி மெதுவாக. "கண்ணத் தொறங்க. நான் இன்னும் லைட்டே போடலலா."

பின்னாலிருந்த சீனக் கிழவர் ஒருவர் கை தட்டினார். ஸ்டெல்லா எழுந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மிஸ்ஸி சுவிட்சைத் தட்டினாள். போர்டில் ஏபிசியே இல்லை! சீப்பு மாதிரி ஒரே படம்தான், மேலே பெரிதாக, கீழே வரவரச் சின்னதாக.

"ஏபிசி வராதவங்களுக்கு இந்தப் போர்டு ஆன்ட்டி. சீப்போட பல்லு எந்தப் பக்கம்னு கைய காட்டுனா போதும்."

முதல் சீப்புக்குக் கையைக் காட்டினேன். இரண்டாவது, பால். மூன்றாவது, அதுவும் பால். முந்தானையால் கண்ணீரைத் துடைத்தேன்.

"தெரியலம்மா" என்றேன். பிரம்பு விழப்போகிற மாதிரி உள்ளங்கை கூசியது.

"அதுக்கு ஏன் ஆன்ட்டி அழறீங்க? தெரியலன்னு சொல்லத்தான வந்திருக்கீங்க. எல்லாத்தையும் படிச்சிருந்தா ஆபரேஷன் வேணாம்னு வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க."

தெரியவில்லை என்று சொன்னதற்காக ஒருவர் என்னை உள்ளே விட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

உள்ளே மலாய் டாக்டரம்மா ஒரு மிஷினில் என் தாடையை வைக்கச் சொன்னார். ஒரு வெளிச்சக் கீற்று கண்ணுக்குள் நுழைந்தது. இத்தனை வருஷமாக நான் எதன் வழியாக உலகத்தைப் பார்த்தேனோ, அதற்குள்ளேயே ஒரு மனுஷி எட்டிப் பார்க்கிறார்! என் பொய் செபம்கூட அங்கே தெரியுமோ என்று பயமாக இருந்தது. அவர் முதுகில் தட்டி, "ஜாங்கான் தாக்கோட், மக்சிக்" என்றார். பயப்படாதே என்றால் எந்த மொழியிலும் புரிந்துவிடுகிறது.

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த அன்று எதிரே எங்கள் வீட்டுக்காரர் நின்றார். அவர் புருவம் முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்றே எனக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போதும் வீட்டில் யாராவது அவசரப்பட்டு வாயைத் திறந்தால், "லைட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஜைத்தூன் அக்கா வீட்டிலும் அதே கேள்விதான்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்காரருக்குக் காது டெஸ்ட். நேற்று எட்டிப் பார்த்தால், கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கித் தூக்கி, "கேக்குது... கேக்குது..." என்று பழகிக்கொண்டிருக்கிறார்.

"லைட்டுப் போடட்டும், இருங்க!" என்று கத்தினேன்.

அவருக்குக் கேட்கவில்லை.