காப்பிப் பழத்தில் வழுக்கிய ரயில்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே வேலைதான். சாயங்காலம் நாலு மணிக்கு ரயில் ஓட்டணும்.

ஏற்காட்டுல ஏது ரயில்னு கேக்காதீங்க. வெள்ளக்கடை பக்கம் ஒரு ஹோம்ஸ்டேல மூணு மாசமா ட்ரெயினியா இருக்கேன். முதலாளி ஐயா தோட்டத்தைச் சுத்திக் குட்டித் தண்டவாளம் போட்டிருக்கார். பாலம், சுரங்கம், ஸ்டேஷன் எல்லாம் உண்டு. மலைக்கே வராத ரயிலை அவர் தோட்டத்துக்குக் கொண்டுவந்துட்டாராம்!

இன்ஜின் என் முழங்கை நீளம். பார்க்கப் பொம்மை, ஆனா நிஜ நீராவி. தண்ணி ஊத்தி, கேஸ் பத்தவெச்சு, ஆவி ஏறினதும் ஒரு கைப்பிடியைத் திருகினா ஓடும்.

"மெக்கானிக்கல் படிச்ச புள்ள, நீயே ஓட்டு கண்ணு. கெஸ்ட்டுங்க முன்னாடி முதல் ஓட்டம். நல்லா ஓடுச்சுன்னா இன்னிக்கே உன் வேலை பர்மனெண்ட்"னார்.

நாலு வருஷம் படிச்சதுல நான் தனியா இயக்கின ஒரே இயந்திரம் மிக்ஸி. அதைச் சொல்லக் கூச்சம். தலையாட்டிட்டேன்.

கையேட்டை மூணு தடவை படிச்சேன். கேஸ் பத்துச்சு. ஆவியும் ஏறுச்சு. கெஸ்ட்டுங்க போனைத் தூக்கிட்டு நின்னாங்க. கைப்பிடியில கை வெச்சேன்.

"ஏனுங்க ஐயா, புது வண்டியப் பூசை போடாமயா எடுக்கறது?"

சமையல் செல்வியக்கா. ஒரு கையில சந்தனக் கிண்ணம், இன்னொண்ணுல சமையல் கரண்டி.

"அதானே!"ன்னார் ஐயா.

இந்த இடத்துல நான் "வேண்டாங்க"ன்னு சொல்லியிருக்கணும். சொன்னேன். எனக்கு மட்டும் கேட்டுச்சு.

கொதிக்கிற பாய்லர்ல சந்தனம் வெச்சாங்க. தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி 'சுர்'ருனுச்சு. அடுத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். சக்கரத்தைவிடப் பழம் பெருசு!

"இதென்ன கண்ணு, சக்கரமா, சட்டைப் பொத்தானா?"ன்னு என்னைக் கேட்டாங்க. என்னமோ நான் செஞ்ச மாதிரி.

அப்புறம் வேலியோரச் செடியில நல்லாப் பழுத்த காப்பிப் பழமா ஆறு பறிச்சு, சக்கரத்துக்கு ஒண்ணு வெச்சாங்க. என்னா மூளை! ஐயா கைதட்டினார்.

கைப்பிடியைத் திருகினேன். பழம் நசுங்குச்சு. சக்கரம் விர்ர்ருனு சுத்துச்சு. இன்ஜின் மட்டும் இருந்த இடத்துலயே இருந்துச்சு.

காப்பிப் பழத்தைப் பிதுக்கினா சோப்பு மாதிரி வழுக்கும். இந்த மலையில மூணு வயசுக் குழந்தைக்கும் தெரியும். அந்த நேரம் எங்க மூணு பேருக்கு மட்டும் தெரியல.

"இன்னும் திருகு சாமி!"ன்னார் ஐயா. திருகினேன். முழுசா.

"எஸ்டேட் ஜீப்பு நின்னா என்ன பண்றோம்? தள்ளத்தானே செய்யறோம்!"னு செல்வியக்கா பின்னாலிருந்து கரண்டியால ஒரு தள்ளு தள்ளினாங்க.

சக்கரம் காஞ்ச தண்டவாளத்தைத் தொட்டுச்சு. அவ்ளோதான்! அம்பு மாதிரி கிளம்பிடுச்சு.

"நொம்ப வேகமாப் போகுதே! பிரேக் எங்க கண்ணு?"

"இல்லீங்க ஐயா."

அன்னிக்கு எல்லார் காதுலயும் விழுந்த என் முதல் வார்த்தை அதுதான்.

முதல் வளைவுலயே ரயில் தடம் புரண்டு, அல்லித் தொட்டிக்குள்ள பாய்ஞ்சு, 'புஸ்ஸ்ஸ்'னு மூழ்கிடுச்சு. கெஸ்ட்டுங்க விசிலடிச்சாங்க. ஒருத்தர் "ஒன்ஸ் மோர்!"னார்.

ஐயா ஒரு தவளையோட சேர்த்து இன்ஜினை வெளிய தூக்கினார்.

"நீங்க என்னங்க படிச்சிருக்கறதாச் சொன்னீங்க?"

'கண்ணு' போய் 'நீங்க' வந்தா, எங்க பக்கம் கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

"நீங்க ஓட்டுனப்ப வண்டி நகரவே இல்லீங்க. செல்வி தொட்டதுந்தான் கிளம்புச்சு. இனிமே ரயிலு செல்வி பொறுப்பு. நீங்க பர்மனெண்ட்டா சமையல்கட்டைப் பாருங்க."

வேலை பர்மனெண்ட்தான், வெங்காயம் உரிக்கிறப்ப கண் கலங்கினா யாரும் காரணம் கேக்கறதில்ல.