சிவப்புப் பெட்டியில் இருநூற்றுப் பதினாறு

சாவி பொருந்தவில்லை.

தார்மோ அதைத் திருப்பி வைத்துப் பார்த்தான். கையுறையைக் கழற்றிவிட்டு, வாயால் ஊதி, மறுபடி வைத்துப் பார்த்தான். கட்டடத்து முற்றத்தில் நின்ற காரில் சக்கரத்துக்கு ஐந்து போல்ட். நான்கு சாதாரணம். ஐந்தாவது, திருடன் கழற்றாமலிருக்க, கோணல்மாணலான தலையோடு ஒரு பூட்டு போல்ட். அதைத் திறக்கவென்றே ஒரு குட்டி இரும்புச் சாவி. வருஷத்துக்கு இரண்டு முறை டயர் கடைக்குப் போய் வந்த சாவி அது. ஒருமுறையும் சண்டித்தனம் செய்ததில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. முந்தைய இரவில் கயானி நகரமே முழங்கால் உயரப் பனிக்குள் புதைந்திருந்தது. பனியில் வழுக்காத குளிர்கால டயரைச் சீக்கிரம் மாற்றிவிட வேண்டும் என்று ஊரே செப்டம்பரில் சொல்லும். ஊரே முதல் பனிக்காகக் காத்திருக்கும். காலையில் டயர் கடைக்குப் போன் செய்தான்.

"பத்தொன்பது நாள் கழிச்சு வாங்க."

"திங்கட்கிழமை நான் வேலைல சேரணும்."

"திங்கட்கிழமை எல்லாருக்கும்தான் வருது" என்று போனை வைத்துவிட்டார்கள்.

எட்டு மாதமாக வேலையில்லை. கிடைத்திருப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ரொட்டி ஆலையில். காலை ஐந்து மணிக்கு ஆள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. முதல் நாளே தாமதமானால் வரிசையில் அடுத்த ஆள் நிற்கிறான்.

"இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க அம்மா வீட்டுக்கெல்லாம் போக மாட்டேன்" என்று மனைவி ரைலி காலையில் சொல்லியிருந்தாள். "நீ உங்க அம்மா வீட்டுக்குப் போகணும்."

தார்மோ சுத்தியலை எடுத்தான். சாவியை போல்ட்டின் மேல் வைத்து ஓங்கி ஒரு அடி. சாவி இரண்டாகப் பிளந்தது.

"பனி" என்றது ஒரு குரல்.

கீழ்த்தளத்து ஆவ்லிஸ். ஐம்பத்தைந்து வயது. நான்கு வருஷத்துக்கு முன் மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறான். ஒரே கட்டடத்தில் ஆறு வருஷமாக வசித்தும் இருவரும் பேசிக்கொண்டது மொத்தம் நான்கு தடவை. அதில் மூன்று பனியைப் பற்றி.

"ஆமா, பனி" என்றான் தார்மோ.

ஆவ்லிஸ் சக்கரத்தைப் பார்த்தான். உடைந்த சாவியைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கஷ்டமான வேலை."

கருவிக் கடையில் நெட்டையான விற்பனையாளன் கதையைக் கேட்டுவிட்டு, ஒரு மீட்டர் நீளக் கைப்பிடி ஒன்றையும் போல்ட்டின் தலையில் மாட்டும் தடித்த சாக்கெட் ஒன்றையும் எடுத்து வைத்தான்.

"போல்ட்டை விட ஒரு நூல் சின்ன சாக்கெட். அடிச்சு இறக்கிட்டுத் திருகுங்க. இந்த ரெண்டு போதும்."

பக்கத்திலேயே தள்ளுபடியில் ஒரு சிவப்புப் பெட்டி.

"இது?"

"இருநூத்துப் பதினாறு உருப்படி."

"விலை?"

"அதே விலைதான்."

"அப்புறம் எந்த மடையன் ரெண்டை வாங்குவான்?"

விற்பனையாளன் எக்ஸ்ரேயைப் பார்க்கும் டாக்டர் மாதிரி அவனைப் பார்த்தான். "தூக்க முடியுமா, ஆள் அனுப்பவா?" என்று மட்டும் கேட்டான்.

முதல் சாக்கெட் மூன்றாவது அடியில் விரிந்தது. அடுத்தது வெடித்தது. கைப்பிடி கரகரவென்று பற்கள் தேய்ந்து இரண்டு பக்கமும் சும்மா சுற்றியது. நாலு மணிக்கு இருட்டியபோது போல்ட்டின் தலை வழவழவென்று உருண்டையாகியிருந்தது. இனி எந்தச் சாவிக்கும் மசியாது. ஆவ்லிஸ் அதுவரை அங்கேயே நின்றான்.

"காதுக்கு வலிக்குதா? ஒவ்வொரு அடிக்கும் முகத்தைச் சுளிக்கிற?"

"காதுக்கு இல்ல" என்றான் ஆவ்லிஸ். "நாளைக்கும் வருவியா?"

"வராம?"

சனிக்கிழமை காலை கடைக்குத் திரும்பப் போனான்.

"எத்தனை உடைஞ்சுது?"

"மூணு."

"இன்னும் இருநூத்துப் பதிமூணு இருக்கே."

"அந்த ரெண்டையும் குடுப்பா" என்றான் தார்மோ. கழற்றியபின் போட நான்கு சாதாரண போல்ட்டும் வாங்கிக்கொண்டான்.

முற்றத்தில் ஆவ்லிஸ் பிளாஸ்க் நிறையக் காபியோடு, குளிர்கால டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். முகம் மழித்திருந்தான். இரண்டு கோப்பை கொண்டுவந்திருந்தான்.

புது சாக்கெட் கடித்தது. கைப்பிடியில் தார்மோ முழு உடம்போடு தொங்கினான். போல்ட் கிறீச்சிட்டு அசைந்தது. ஒரு சக்கரம் கழன்றது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்ததற்கு ஜாக்கியைச் சரியாகப் பார்க்காமல் வைத்தான். கார் வழுக்கி இறங்கியது. கதவுக்குக் கீழே தகரம் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே போனது.

சற்று நேரம் இருவரும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்கள்.

"காபி ஊத்தட்டுமா?" என்றான் ஆவ்லிஸ்.

"ஊத்து. இனிமே கெட்டுப்போக என்ன இருக்கு?"

இருந்தது. மூன்றாவது போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்தது. மிச்சத்தைக் குறடால் பிடித்துப் பிடுங்குவதற்குள் ரிம்மில் நான்கு நீளக் கோடுகள். தார்மோ கெட்ட வார்த்தை சொன்னான். ஆவ்லிஸ் அதைவிட நல்ல கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தான். ரயில்வேயில் வேலை பார்த்தபோது கற்றதாம். பேச்சு அப்படியே வளர்ந்தது. ரயில்வே, ஏரி மீன், முட்டாள் மேலதிகாரிகள். தன் மனைவிக்குக் காபி கடுங்கசப்பாக இருக்க வேண்டும் என்றான் ஆவ்லிஸ். இப்போதும் அப்படித்தான் போடுகிறானாம், கை பழகிவிட்டதாம். தார்மோ போல்ட்டை அடித்தான்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நான்காவது சக்கரமும் மாறியது. ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்திருந்த ஆவ்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நாளைக்கு நான் மனுஷன்."

தார்மோ சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து அழுத்தினான்.

காரின் விளக்கு மின்னவில்லை. இரண்டு பனிக்குவியல் தள்ளி, மூன்றாவது குவியலுக்குள் ஏதோ மஞ்சளாக இரண்டு முறை மின்னியது.

மறுபடி அழுத்தினான். மறுபடி அங்கேதான் மின்னியது.

அவன் மெல்ல மண்டியிட்டு, மூன்று நாளாக வேலை பார்த்த காரின் எண் பலகையிலிருந்து பனியை வழித்தான். அவனுடைய எண் இல்லை. அதே கம்பெனி, அதே சாம்பல் நிறம், வேறு எண். புதன்கிழமை முற்றம் பெருக்க ஆள் வந்ததும், எல்லோரும் கார்களை நகர்த்திக் கிடைத்த இடத்தில் நிறுத்தியதும், தங்கள் காரை நகர்த்தியது ரைலி என்பதும் அவனுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"இது யாரோட..."

"என்னோடது" என்றான் ஆவ்லிஸ்.

தார்மோ பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது குவியலுக்குள் அவன் கார் கோடைக்கால டயரோடு நிற்கிறது. அதன் நான்கு பூட்டு போல்ட்டும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கான சாவி இரண்டு துண்டாகச் சமையலறை மேசைமேல் கிடக்கிறது. விடிந்தால் திங்கட்கிழமை.

ஆவ்லிஸ் கோட்டுப் பையைத் துழாவித் தன் கார் சாவியை எடுத்து நீட்டினான்.

"காலைல இதையே எடுத்துட்டுப் போ. உன் காருக்கு வழி பண்ற வரைக்கும் வச்சுக்கோ. டயர் நல்லாதான் மாட்டியிருக்க."

தார்மோ சாவியை வாங்கினான். தகரத்துப் பள்ளத்தைப் பார்த்தான். ரிம்மின் நான்கு கோடுகளைப் பார்த்தான். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அவனுக்குக் கோபம்தான் வந்தது.

"மூணு நாளா பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தியேடா! வெள்ளிக்கிழமையே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்ன?"

ஆவ்லிஸ் பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினான்.

"சொல்லியிருந்தா, சனிக்கிழமை நான் யாரோட காபி குடிச்சிருப்பேன்?"