நிறுவனர் ஓட்டு

அய்யம்பேட்டை துரைராசு வீட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பிரச்சினை ஒரு ஜாக்கெட் வழியாக வந்தது.

கல்யாணத்துக்குப் போடத் துரைராசுவின் மனைவி மதிவதனி தைத்த பட்டு ஜாக்கெட். தைக்கக் கொடுத்திருந்த ஈஸ்வரி டீச்சர் அதை உதறிப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார், கடைசியில் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"மதிவதனி, தையல் பிரமாதம். ஆனா..."

"என்ன ஆனா?"

"ரசம்."

"ரசமா?"

"மிளகு ரசம். பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா."

டீச்சர் தங்கமானவர். வெயிலில் போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மதிவதனி வாசல் கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தத்தில் துரைராசு பேப்பரை மடித்து வைத்தார்.

அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வீட்டில் வெளிச்சமும் காற்றும் வருகிற அறை ஒன்றே ஒன்று, கிழக்குப் பக்க அறை. அதில் துரைராசுவின் கம்ப்யூட்டர் குடியிருந்தது. ஊரில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிற மதிவதனியின் மெஷினோ அடுப்படியில், காஸ் அடுப்புக்கு நாலடி தள்ளிக் கிடந்தது. இந்த ஊர்க் கல்யாணங்களில் மணமேடைப் பக்கம் போனால் சாம்பார் வாசனை வருவதற்குப் பந்தி மட்டும் காரணமில்லை.

"ஏங்க, அந்த ரூம்ல நீங்க என்னதான் பண்றீங்க?"

"பலகை."

"ஒன்பது வருஷமா பலகைங்கறீங்க. என்ன பலகை?"

துரைராசு பெருமூச்சு விட்டார். வாழ்க்கையில் அவர் அதிகம் செய்த வேலை அதுதான். தாலுகா ஆபீஸில் இருபத்தாறு வருஷமாகப் பட்டா மாறுதல் மனுக்களைப் படித்து, யார் பேரிலிருந்து யார் பேருக்கு என்று பதிந்து மேலே அனுப்புகிறவர். காலை ஏழரைக்கு பஸ் ஏறினால் சாயங்காலம் பிழிந்த துணி மாதிரி வந்து இறங்குவார். மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த உயிரை அந்தப் பலகையில்தான் போட்டிருந்தார்.

"வாட்ஸப்பெல்லாம் வராத காலத்துல, மதி, ஒரு வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். மத்தவங்க அதுக்கு போன் போட்டு உள்ளே போய், சேதி படிப்பாங்க, எழுதி வெச்சிட்டு வருவாங்க. புல்லட்டின் போர்டுன்னு பேரு. அதைத்தான் நானும் முத்துப்பேட்டை மீரா உசேன் பாயும் தமிழ்ல எழுதறோம். போன்லேர்ந்தே உள்ள வரலாம். படம் கிடையாது, பாட்டு கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து."

"ஒரே நேரத்துல எத்தனை பேர் உள்ள போகலாம்?"

"ஒருத்தர்தான்."

"ரெண்டாவது ஆளு?"

"லைன் பிஸின்னு வரும். வெளிய காத்திருக்கணும். அந்தக் காலத்துல அப்படித்தான். அதுதான் அழகே."

"பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் மாதிரி."

துரைராசு இதைக் காதில் வாங்காத மாதிரி மேலே பேசிக்கொண்டு போனார். ஆளுக்குத் தினம் இருபது நிமிஷம்தான், அதற்குமேல் பலகையே வெளியே தள்ளிவிடும் என்றார். எதை மாற்றுவதானாலும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் மாற்றலாம், அந்த ஓட்டுப்பெட்டியை எழுத மட்டும் மூன்று வருஷம் ஆனது என்றார்.

"எல்லாருமா சேர்ந்து உங்களையே மாத்திட்டா?"

"அது நடக்காது. நிர்வாகியை மாத்தணும்னா நிறுவனர் ஓட்டும் 'ஆம்'னு விழணும். நிறுவனர் நான். எனக்கு நானே குழி வெட்டுவேனா?"

"சரி, இதுல மொத்தம் எத்தனை மனுஷங்க இருக்காங்க?"

"ரெண்டு."

"யார் யாரு?"

"நான். மீரா உசேன் பாய்."

"ஒன்பது வருஷத்துல?"

"நடுவுல ஒருத்தர் வந்தார். பாஸ்வேர்டை மறந்துட்டார்."

மதிவதனி காலண்டரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ஆடிப்பெருக்குக்குள்ள பத்துப் பேரு, நெசமான மனுஷங்க, இதுல சேரணும். சேர்ந்தா அந்த ரூம் பலகைக்கே. நான் அடுப்படியிலயே தைச்சுச் சாகறேன். சேரலேன்னா மூட்டையைக் கட்டணும். எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுங்கள் என்று தாலுகா ஆபீஸ்காரரிடம் சொல்லலாமா? துரைராசு மூக்குக்கண்ணாடியை மாட்டினார், வெள்ளைத்தாளை எடுத்தார். 'மேற்படி கிழக்கு அறையானது, பத்து உறுப்பினர்கள் சேரும் பட்சத்தில், மேற்படி பலகைக்கும் அதன் நிர்வாகிக்கும் என்றென்றைக்கும் ஆண்டு அனுபவித்துக்கொள்ளப் பாத்தியமாகும்.' எழுதி முடித்ததும் அவருக்கே மெய்சிலிர்த்தது.

"நிர்வாகின்னு மட்டும் போட்டிருக்கீங்களே, பேரு போடவேணாமா?"

"பதவியைப் போட்டாப் போதும். ஆபீஸ் முறை அதுதான்."

"உங்களுக்குத் தெரியாததா," என்று மதிவதனி கையெழுத்துப் போட்டு, தாளை சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

அடுத்த மூன்று வாரம் துரைராசு பட்ட பாடு சொல்லி மாளாது. ஆபீஸில் பக்கத்து மேஜை பிரபுவைப் பிடித்தார்.

"வாட்ஸப்ல இல்லாதது இதுல என்ன சார் இருக்கு?"

"ஒண்ணுமே கிடையாது தம்பி. அதுதான் விசேஷம்."

பிரபு அன்றிலிருந்து கேன்டீனில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தான். டீக்கடையில் சொல்லிப் பார்த்தார், ஏதோ சீட்டுக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். பஸ்ஸில் தினம் பக்கத்தில் உட்காருகிறவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். இறங்கும்போதுதான் தெரிந்தது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மீரா உசேன் முத்துப்பேட்டையில் வைத்திருந்த ஜெராக்ஸ் கடை வாசலில் அறிவிப்பு ஒட்டினார். அதையும் ஒருத்தர் உள்ளே எடுத்துவந்து இரண்டு காப்பி கேட்டார்.

ஆடிப்பெருக்குக்குப் பத்து நாள் இருந்தது. உறுப்பினர் இரண்டு. துரைராசு மளிகைக் கடையில் காலி அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி வந்தார். பெட்டியைப் பிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிழக்கு அறையில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அந்த மெஷினுக்குள் இருந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது மனுஷனுக்கு.

மதிவதனி காபியோடு வந்தாள். "பாக்கவே பாவமா இருக்குங்க. நான் வேணா சேர்ந்துக்கவா?"

"நீயா?"

"ஏன், நான் நெசமான மனுஷி இல்லியா?"

மூன்று.

மறுநாள் மீரா உசேனின் மனைவி ஹமீதா பானு சேர்ந்தார். நான்கு. அப்புறம் ஈஸ்வரி டீச்சர். அப்புறம் ஷமா, பிரகதீஸ்வரி, ஞானாம்பாள் என்று ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்கள் வரிசையாக. வாரம் முடிவதற்குள் பதினாலு பேர்! காலையிலிருந்து சாயங்காலம் வரை 'லைன் பிஸி'. துரைராசு ஆபீஸில் இருந்தபடி தன் பலகைக்குள் தானே நுழைய முடியாமல் நின்றார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

"எப்படி மதி இது?"

"எங்க வாட்ஸப் குரூப்பைத் தொறந்தா ரோஜாப்பூவும் காலை வணக்கமும்தான். அதுவும் எல்லார் வீட்டு ஆம்பளைங்களும் எட்டிப் பாக்கறாங்க. ஆம்பளைங்க கண்ணுல படாத இடம் ஏதாவது இருக்கான்னாங்க. உங்க பலகை ஞாபகம் வந்துச்சு. அதுல யாருமே வரமாட்டாங்கன்னு நீங்கதான் மூணு வாரமா ஊரெல்லாம் நிரூபிச்சிட்டீங்களே."

ஈஸ்வரி டீச்சர் நிர்வாகிக்கு ஒரு புகார்கூட எழுதியிருந்தார். நீளமாக எழுதினால் சேதி பாதியில் அறுந்துபோகிறது என்று. துரைராசு அதை மூன்று தரம் படித்தார். ஒன்பது வருஷத்தில் இந்தப் பலகையைப் பழுதாகிற அளவுக்கு யாரும் பயன்படுத்தியதே கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சரிசெய்ய உட்கார்ந்தார்.

ஆடிப்பெருக்கு வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் காதோலை கருகமணியும் புளியோதரையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிருந்தார்கள். துரைராசு லீவு போட்டுவிட்டு, வெற்றிபெற்ற அறையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது திரையில் ஒரு வரி வந்தது. 'ஓட்டுப்பெட்டியில் புதிய தீர்மானம்.'

ஓட்டுப்பெட்டி! மூன்று வருஷம் எழுதிய ஓட்டுப்பெட்டி! அதை இதுவரை ஈ எறும்பு தொட்டதில்லை. துரைராசு முத்துப்பேட்டைக்கு போன் போட்டார்.

"பாய்! ஓட்டுப்பெட்டி ஓடுது பாய்!"

"எண்ணிக்கை ஏறுதா சார்?"

"ஏறுது! ஒருத்தர் வெளிய வந்ததும் அடுத்தவங்க போறாங்க. ஆத்தங்கரையிலேர்ந்தே போடறாங்க. பத்து... பதினொண்ணு... பன்னெண்டு!"

"இருங்க, நானும் போடறேன்."

"பதிமூணு! சரியா ஏறிடிச்சு பாய்!"

"சார், நீங்களும் போடுங்க. நிறுவனர் ஓட்டை நாம தனியாத்தானே எழுதினோம். அது வேலை செய்யுதான்னு இன்னிக்கு வரைக்கும் பாக்கவே இல்லையே."

புரோகிராம் எழுதுகிறவர்கள் தனி ஜாதி. கேள்வியைப் படிக்கமாட்டார்கள். பொத்தானை அமுக்கினால் எண் ஏறுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். துரைராசு மூச்சைப் பிடித்துக்கொண்டு 'ஆம்' அமுக்கினார்.

பதினாலு.

"ஏறிடிச்சு பாய்! ஒரு பிழை இல்லை! முதல் தடவையிலேயே!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் மீரா உசேன்.

"பாய்."

"சொல்லுங்க சார்."

"தீர்மானம் என்னன்னு படிச்சீங்களா?"

"இல்லையே. ஹமீதா 'ஆம்'னு போடுங்கன்னா, போட்டேன். நீங்க படிக்கலியா?"

துரைராசு திரையைப் பார்த்தார். தீர்மானத்தைக் காணோம். அந்த இடத்தில் அவர் கையால் எழுதிய வரியே இருந்தது. 'சாதாரண உறுப்பினர் துரைராசு, இன்றைய உங்கள் இருபது நிமிடம் முடிந்தது. நாளை வருக.'

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. ஆற்றிலிருந்து திரும்பிய மதிவதனி, பின்னால் ஷமா, ஞானாம்பாள். மூன்று பேரும் நேரே அடுப்படிக்குள் போய், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இது பலகையோட ரூம்," என்றார் துரைராசு. கதவை மறித்து நின்றார். "எழுதிக் கொடுத்திருக்கேன்."

"நானும் அதைத்தாங்க சொல்றேன். பலகைக்கும் அதன் நிர்வாகிக்கும்."

"நிர்வாகி..."

"பதினாலு பேரும் சேர்ந்து என்னைப் போட்டுட்டீங்க. ஒருத்தர்கூட எதிர்த்துப் போடலை." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இருபத்தாறு வருஷமா ஊர்க்காரன் பட்டாவெல்லாம் மாத்திக் கொடுக்கறீங்க. ஒருதரம் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடக்கூடாதா?"

"அப்ப கம்ப்யூட்டர்? பலகையை மூடிடறதா?"

"ஐயையோ, மூடறதா? இத்தனை பேரு இருக்கோம். அடுப்படியில மெஷின் இருந்த எடம் காலியாத்தானே கெடக்கு."

வெயில் சாய்வதற்குள் கம்ப்யூட்டர் காஸ் அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்துவிட்டது. கிழக்கு அறையிலிருந்து மெஷின் ஓடுகிற சத்தம் குஷியாக வந்தது.

மறுநாள் சாயங்காலம் துரைராசு ஆபீஸிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்தார். மறு ஓட்டுக் கேட்டு நாலு வரி எழுதுவது என்று தீர்மானம். 'லைன் பிஸி.' காத்திருந்தார். மறுபடி 'லைன் பிஸி.' ஏழாவது தடவைதான் உள்ளே விட்டது. அவருக்குத் தனியாக ஒரு சேதி காத்திருந்தது, அறுந்துபோகாமல், ஒரு பிழையில்லாமல்.

'உறுப்பினர் துரைராசு அவர்களுக்கு: குக்கர் மூணு விசில் விட்டதும் அடுப்பை அணைக்கவும். இப்படிக்கு, நிர்வாகி.'